டப்பா தேடிப் பாலைவனம் வரை போகணுமா?

அக்டோபர் 27, 2018 (வாசகர் கேள்வி)

கனடாவின் ரெஜைனாவில் இருக்கும் எங்கள் சித்தப்பாவும் சித்தியும் ஓய்வு பெற்ற பிறகு, குளிர் ஆரம்பித்தாலே டிரெய்லரைக் கட்டிக்கொண்டு அரிசோனா போய்விடுகிறார்கள். அங்கே கல்லுக்கடியில் யாரோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடுவதுதான் வேலையாம். ‘கையில ஜிபிஎஸ் இருக்கு, அம்பு காட்டுற பக்கம் நடந்தா டப்பா, வயசானவங்களுக்கு இதைவிடச் சுலபமான விளையாட்டு கிடையாது’ என்கிறார் சித்தப்பா. அடுத்த வருஷம் நாங்களும் ஓய்வு. நம்பிக் கிளம்பலாமா?

அக்டோபர் 27, இரவு

கிளம்பலாம். ஆனால் சித்தப்பா சொன்னது பாதிதான் சரி. அம்பு நேர்கோட்டைத்தான் காட்டும். நடுவில் ஓடை இருக்கிறதா, செங்குத்தான கரை இருக்கிறதா, கள்ளிக்காடு இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஊருக்குள் பூங்காவில் தேடும்போது இது ஒரு விஷயமே இல்லை. பாலைவனத்தில் அந்தக் கோட்டின் மேலேயே நடப்பேன் என்று அடம்பிடிக்கிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், சலிப்பாக இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

நாங்கள் கனடாவின் கால்கரி. நானும் மனைவியும் மட்டும். பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டில் ஆர்வம் கிடையாது, நாங்கள் இல்லாதபோது வீட்டு வாசலில் பனி தள்ளுவதில் அதைவிடக் குறைவு.

ஜியோகேஷிங் என்ற இந்த டப்பா தேடும் விளையாட்டு தெரியாதவர்களுக்கு: 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை சேர்த்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். கிளின்டன் உத்தரவில் மே 2 அன்று அதை அணைத்தார்கள். மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் பக்கம் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் இருப்பிட எண்களை இணையத்தில் போட்டார். உள்ளே புத்தகம், கவண், ஒரு பீன்ஸ் டின் என்று ஏதேதோ. ஒன்றை எடுத்தால் ஒன்றை வை, நோட்டில் பேர் எழுது, அவ்வளவுதான் சட்டம். அவர் அந்த வாளியைப் பாதி புதைத்துத்தான் வைத்தார், இன்றைய விதிப்படி தோண்டிப் புதைக்கவே கூடாது. விளையாட்டைத் தொடங்கியவரின் டப்பாவையே இன்று பட்டியலில் சேர்க்க மாட்டார்கள்.

நவம்பர் 3

தயாரிப்பு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கால்கரியிலிருந்து நாங்கள் தங்கும் அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊர் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். கூட்ஸ் என்ற ஊரில் அமெரிக்க எல்லையைத் தாண்டினால் லாஸ் வேகஸ் வரை ஐ-15 நெடுஞ்சாலைதான்: மொன்டானா, ஐடஹோ, யூட்டா, நடுவில் அரிசோனாவின் ஒரு மூலை, அப்புறம் நெவாடா. பெரிய பயம் பாலைவனம் இல்லை, மொன்டானா ஐடஹோ எல்லையில் இருக்கும் மொனைடா கணவாய். 2,000 மீட்டருக்கு மேல் உயரம். டிரெய்லரை இழுத்துக்கொண்டு பனிக்காற்றில் அதை ஏறுவதற்கு வானிலை பார்த்துக் காத்திருக்கத் தெரிய வேண்டும். முன்பதிவு செய்த தேதிக்குப் போயே ஆகணும் என்று கிளம்புவதுதான் ஆபத்து. நமக்குத்தான் ஆபீஸ் இல்லையே!

டிரெய்லரின் தண்ணீர்க் குழாய்களில் ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஊற்றித்தான் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே உறைந்து வெடிக்கும். அதனால் யூட்டாவின் தென்கோடி வரை குழாயில் தண்ணீர் கிடையாது. கேன் தண்ணீர், காகிதத் தட்டு, பெட்ரோல் பங்க் கழிப்பறை. செயின்ட் ஜார்ஜ் ஊர் தாண்டி வெர்ஜின் நதிப் பள்ளத்தாக்கில் வண்டி இறங்கும்போதுதான் இவள் ஜாக்கெட்டைக் கழற்றுவாள். அன்றைக்குக் குழாயைக் கழுவித் தண்ணீர் நிரப்பி ஒரு காபி போட்டால் சுகமே தனி.

இன்னொன்று, கறிவேப்பிலை. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்க எல்லையில் விட மாட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு பூச்சி அந்த இலையில் குடியிருக்கும் என்பது காரணம். அரிசோனாவின் யூமா பக்கம் எலுமிச்சைத் தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் பயம் புரியும். குளிர்காலம் முழுக்க எங்கள் தாளிப்பில் வெறும் கடுகுதான். மற்ற கஷ்டமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நவம்பர் 4

இன்ஷூரன்ஸ் கேட்டவருக்கு: மாகாண மருத்துவத் திட்டம் அங்கே கொடுப்பது சொற்பம், தனியாகப் பயணக் காப்பீடு இல்லாமல் எல்லையைத் தாண்டவே தாண்டாதீர்கள். கிளம்புவதற்குச் சில வாரம் முன்னால் டாக்டர் பிரஷர் மாத்திரையின் அளவை மாற்றினாரா? பல பாலிசிகளில் அதுவே ‘நோய் நிலையாக இல்லை’ என்று கணக்காகும். அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள், ஏஜென்ட் வாய்ச்சொல் உதவாது.

நவம்பர் 18

ஐடஹோ ஃபால்ஸ். கணவாய் தாண்டியாச்சு. விரலெல்லாம் விறைப்பு. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வேலிக்கம்பத்தின் மூடிக்குள் ஒரு சின்ன டப்பா, விரல் நுனி அளவு. பேனா உறைந்துபோய் எழுதவில்லை, பென்சில்தான் காப்பாற்றியது.

நவம்பர் 26

குவார்ட்ஸைட் வந்து சேர்ந்தோம். ஐ-10 நெடுஞ்சாலையும் யுஎஸ் 95-ம் வெட்டிக்கொள்ளும் இடம். கோடையில் சில ஆயிரம் பேர் இருக்கும் ஊர், ஜனவரியில் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெள்ளையாக டிரெய்லர்கள்.

எங்கே தங்குவது என்று கேட்டீர்கள். ஊருக்குத் தெற்கே லா போசா, மத்திய அரசின் நில நிர்வாகத் துறை இடம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை முழுப் பருவத்துக்கும் 180 டாலர், இரண்டு வாரத்துக்கு மட்டும் என்றால் 40 (இது 2018-19 கணக்கு). மின்சாரம் கிடையாது, கோடு போட்ட இடம் கிடையாது, பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். தண்ணீர் பிடிக்கவும் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் வசதி உண்டு. சுற்றிலும் இலவச இடங்களும் இருக்கின்றன, அங்கே 14 நாள்தான், அப்புறம் நகர வேண்டும். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் டிரெய்லரைக் கட்டி அவிழ்ப்பதற்கு என் இடுப்பு ஒத்துழைக்காது.

வீட்டில் தண்ணீர் எப்படிச் செலவாகிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. இங்கே இரண்டாம் நாளே தெரிந்துவிடும். சோறு வடித்த தண்ணீரைக்கூட இவள் கொட்டுவதில்லை.

டிசம்பர் 8

ஒரு டப்பாவை எப்படி எடுக்கிறோம் என்று முழுசாக எழுதுகிறேன், முதல் நாள் நான் சொன்னது அப்போதுதான் விளங்கும்.

பிக்கப்பை மண்பாதை ஓரம் நிறுத்தினோம். கருவி கிழக்கே 380 மீட்டர் என்றது. எதிரே பார்த்தால் சமதரை, பத்து நிமிஷ நடை என்று தோன்றும். நூறு எட்டு வைத்தால் வறண்ட ஓடை ஒன்று குறுக்கே வருகிறது, கரை இரண்டு ஆள் உயரம், செங்குத்து, கூழாங்கல்லும் சுண்ணாம்பு மண்ணும் கலந்து தொட்டால் உதிர்கிற வகை. இறங்கிவிடலாம், ஏறுவது நம் முழங்காலுக்கு நடக்காது. இவள் நின்ற இடத்திலேயே, முன்னால் தேடியவர்கள் இந்த டப்பா பற்றி எழுதிய குறிப்புகளைப் படித்தாள். அவர்களில் ஒருவர் வடக்கே சுரங்கத்துக்குப் போகும் பழைய வண்டிப்பாதை ஒன்று ஓடையைக் கடக்கிறது என்று எழுதியிருந்தார். சுற்றிப் போனால் ஒன்றேகால் கிலோமீட்டர். அம்பு பாதி நேரம் எங்களுக்குப் பின்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. அது பாட்டுக்குக் காட்டட்டும்.

இடத்துக்குப் போனால் எல்லாம் கல். கருவியின் கடைசி மூன்று நான்கு மீட்டரை நம்ப முடியாது, அங்கிருந்து கண்தான். நான் பெரிய பாறையின் இடுக்குகளை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் தரையைப் பார்த்துவிட்டு ‘இந்தக் கல்லு வெளுத்திருக்கு’ என்றாள். இங்கே கற்களின் மேல்முகம் கறுத்துப் பளபளக்கும். மாங்கனீசும் இரும்பும் ஆயிரக்கணக்கான வருஷமாக மெல்லிய தோலாகப் படிந்தது அது. மண்ணில் பதிந்திருக்கும் அடிமுகம் காவியாகவோ வெளிறியோ இருக்கும். வெளிறிய முகம் மேலே தெரிந்தால் அந்தக் கல்லை யாரோ புரட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி மூன்று கல், பக்கத்தில் பக்கத்தில். எடுத்தால் பின்னால் ராணுவத் தோட்டாப் பெட்டி, பச்சை பெயின்ட் உரிந்து. உள்ளே பிளாஸ்டிக் டைனோசர், கோல்ஃப் பந்து, ஒரு நார்வே நாணயம், வெயிலில் கல்லாகிப்போன ரப்பர், ஜிப் பையில் நோட்டு. பேர் எழுதினோம். நாணயத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைத்தோம். கற்களை வைக்கும்போது கறுப்பு முகம் மேலே இருக்கும்படி திருப்பி வைத்தாள். ‘அடுத்து வர்றவங்களும் தேடட்டும்’ என்றாள். கெட்ட எண்ணம்தான்.

டிசம்பர் 9

பாம்பு, தேள் கேள்வி எதிர்பார்த்ததுதான். குளிர்காலத்தில் கிலுகிலுப்பைப் பாம்பு பெரும்பாலும் வளைக்குள் இருக்கும், ஆனால் வெயில் ஏறிய மதியத்தில் பாறைமேல் வந்து காயும். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கைவிடக் கூடாது, கைத்தடியால் தட்டிவிட்டுத்தான். எங்களை அதிகம் படுத்துவது பாம்பில்லை, சோய்யா என்கிற கள்ளி. தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு பொம்மை போல அழகாக இருக்கும். உரசினாலே ஒரு உருண்டை கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். பல் அகலமான சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவில் விட்டு ஒரே தட்டு, பறந்துவிடும். மிச்ச முள்ளுக்குக் குறடு. வழுக்கைத் தலையோடு பையில் ஏன் சீப்பு வைத்திருக்கிறேன் என்று பக்கத்து டிரெய்லர்க்காரர் கேட்டார்.

டிசம்பர் 28

பட்ஜெட் இழுபறியால் அமெரிக்க அரசின் பகுதி முடக்கம் 22-ம் தேதியிலிருந்து, பல அரசுத் துறைகள் வேலை செய்யவில்லை. கலிஃபோர்னியாவின் ஜோஷுவா மரத் தேசியப் பூங்காவுக்குப் போக நினைத்தவர்கள் விசாரித்தீர்கள். வாசல் திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. குப்பை நிரம்பி வழிகிறது, உள்ளூர்த் தொண்டர்கள்தான் கழிப்பறைக்குக் காகிதம் வைக்கிறார்கள். இப்போது போகாதீர்கள் என்பது என் கருத்து.

தேசியப் பூங்காக்களில் சாதாரணமாக யாரும் இஷ்டத்துக்கு டப்பா வைக்க முடியாது. அங்கே இருப்பது பெரும்பாலும் ‘எர்த்கேஷ்’. 2004-ல் தொடங்கிய வகை, டப்பாவே இல்லை. ஒரு பாறையின் முன்னால் போய் நின்று அதன் அடுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, துகள் எவ்வளவு பெரிசு என்று பார்த்துப் பதில் அனுப்ப வேண்டும். எனக்கு இதில் ஆரம்பத்தில் ஈடுபாடு இல்லை, பேர் எழுத நோட்டே இல்லாமல் என்ன விளையாட்டு என்று. இவளுக்கு இதுதான் உயிர். கறுப்புக் கல் விஷயத்தையே இவள் அப்படி ஒரு எர்த்கேஷில்தான் படித்தாள், அதை நான் மேலே எழுதாமல் விட்டது நியாயமில்லையாம்.

ஜனவரி 6, 2019

‘ஒரு நாளைக்கு எத்தனை எடுப்பீர்கள்’ என்று கேட்டவருக்கு: இரண்டு, மூன்று. சில நாள் ஒன்றுமில்லை.

எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் நெவாடாவில் ரேச்சல் ஊர்ப் பக்கம் போங்கள், நெடுஞ்சாலை 375, அந்நிய கிரகவாசிகள் பேரை வைத்திருக்கும் சாலை. இரண்டு டப்பாவுக்கு நடுவில் 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை ஒட்டி ஒட்டியே சாலையோரம் முழுக்க ஃபிலிம் டப்பிகளை அடுக்கியிருக்கிறார்கள். வண்டியை நிறுத்து, இறங்கு, பேர் எழுது, ஏறு. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் முடிப்பவர்கள் உண்டு. இன்னும் சிலர் எழுதின டப்பியை அங்கே வைக்காமல் அடுத்த இடத்தில் வைத்து, அங்கே இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், வண்டியிலேயே பேர் எழுதினால் நேரம் மிச்சமாம். இது தபால்காரர் வேலை. அதற்கு அவருக்குச் சம்பளமாவது உண்டு.

ஜனவரி 7

நேற்று எழுதினதைப் பார்த்து ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். பரவாயில்லை. தபால்காரரைச் சொன்னதற்கு வேண்டுமானால் வருத்தம் தெரிவிக்கிறேன்.

ஜனவரி 21

நேற்று ராத்திரி முழுச் சந்திர கிரகணம். 9:41-க்கு முழுசாக மூடி ஒரு மணி நேரத்துக்கு மேல் சிவந்தே இருந்தது. ஜனவரிச் சந்தைக்கு வந்த கூட்டம் மொத்தமும் மடக்கு நாற்காலியோடு வெளியே. பக்கத்து டிரெய்லரில் இருக்கும், கனடாவின் சாஸ்கச்சுவான் மாகாணக் கிழவர் சமையலை நிறுத்தாமல் பார்த்தார், நான் சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிட்டேன். பழக்கம் போகவில்லை.

பகலில் ஊர்க் கல்லறைக்குப் போயிருந்தோம். குவார்ட்ஸ் கற்களால் கட்டிய பிரமிடு வடிவச் சமாதி, உச்சியில் உலோக ஒட்டகம். ஹாஜி அலி, இங்கே எல்லோருக்கும் ஹை ஜாலி. பாலைவனத்தில் சாமான் சுமக்க அமெரிக்க ராணுவம் 1856-ல் ஒட்டகங்களை இறக்கியபோது கூடவே வந்த ஒட்டகக்காரர்களில் ஒருவர். உள்நாட்டுப் போர் வந்து திட்டம் கைவிடப்பட்டது. ஆள் மட்டும் இந்தப் பக்கமே தங்கி 1902-ல் இறந்தார். நினைவுச்சின்னம் 1935-ல் கட்டியது. குளிருக்குத் தெற்கே வரும் எங்கள் கூட்டம் இங்கே படமெடுத்துக்கொள்ளாமல் போவதில்லை.

ஜனவரி 30

முடக்கம் 25-ம் தேதி முடிந்தது, 35 நாள்.

கலிஃபோர்னியாவின் ப்ளைத் ஊருக்கு வடக்கே யுஎஸ் 95 ஓரம், பழங்குடியினர் தரையில் வரைந்த பெரிய உருவங்களைப் பார்த்தோம். 1932-ல் ஒரு விமானி மேலேயிருந்து கவனித்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பெரிய மனித உருவம் 171 அடி, அதாவது 52 மீட்டர். செதுக்கவோ தோண்டவோ இல்லை, கறுத்த மேல்கற்களை ஒதுக்கி வெளிர்மண்ணைத் தெரிய விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். டிசம்பரில் எழுதிய அதே சங்கதி. புரட்டிப் போட்ட கல் இங்கே ஆறாது. இப்போது சுற்றி வேலி போட்டிருப்பதற்குக் காரணமே வண்டிச் சக்கரங்கள் அந்த உருவங்களின்மேல் ஏறியதுதான். அமெரிக்க ஜெனரல் பேட்டன் இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், இந்தப் பாலைவனத்தில் டாங்கிப் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த டாங்கிகளின் தடம் இன்றும் சில இடங்களில் அப்படியே இருக்கிறது, முகாம் பாதைகளுக்கு ஓரம் கட்டிய கல்வரிசைகூட. அதனால்தான் சொல்கிறேன், பாதை இல்லாத இடத்தில் பிக்கப்பை விடாதீர்கள், டப்பா இன்னும் 300 மீட்டர்தானே என்று. பழைய பயிற்சி நிலங்களில் உலோகமாக எதைப் பார்த்தாலும் தொடவும் கூடாது, அது டப்பாவாக இல்லாமல் வேறு ஏதாவதாக இருக்கலாம்.

பிப்ரவரி 9

யூமா. இவளுக்குக் கடைவாய்ப் பல். எல்லைக்கு அந்தப் பக்கம் லோஸ் அல்கோடோனெஸ், சின்ன மெக்சிகோ ஊர், தெருவுக்குத் தெரு பல் டாக்டர்தான். வண்டியை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே போகலாம். பாஸ்போர்ட் எடுக்க மறக்காதீர்கள். யூமாவுக்கும் அந்த ஊருக்கும் குளிர்காலத்தில் ஒரு மணி நேர வித்தியாசம், ஆற்றோரம் நின்றால் போன் இஷ்டத்துக்கு மணியை மாற்றும். பத்து மணி என்று டாக்டர் சொன்னால் யாருடைய பத்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்குமேல் திரும்பி வரும் வரிசை நீளம். வாயில் பஞ்சோடு வெயிலில் நிற்கிறார்கள் பாவம், எல்லோரும் நம் வயசுதான்.

பிப்ரவரி 23

அரிசோனாவின் டூசானில் பனி! சவாரோ கள்ளிகளின் தலையில் வெள்ளைத் தொப்பி, படம் அனுப்பியிருக்கிறார்கள். கால்கரியிலிருந்து இதற்காகவா வந்தோம் என்று ஒரே சிரிப்பு.

சாஸ்கச்சுவான் தம்பதி நேற்றுக் கிளம்பினார்கள், ரேச்சல் வழியாக. அவருக்கு இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று, அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கும். சாலையோர டப்பிகள்தான் அவர்களுக்கு இந்த விளையாட்டே. அவர் ஓட்டுவார், அந்த அம்மா குதித்து இறங்கிப் பேர் எழுதுவார், நாள் முழுக்க ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே போவார்களாம். ஜனவரியில் நான் எழுதினது எனக்கும் இவளுக்கும் பொருந்தும், அவர்களுக்குப் பொருந்தாது.

மார்ச் 14

பொரேகோ ஸ்பிரிங்ஸ், கலிஃபோர்னியா. குளிர்கால மழைக்குப் பாலைவனம் பூத்திருக்கிறது. மஞ்சளும் ஊதாவும் கண்ணை எடுக்க முடியவில்லை, வார இறுதியில் காரையும் எடுக்க முடியவில்லை, அவ்வளவு கூட்டம். தரையெல்லாம் விரல் தடிமனில் கம்பளிப்புழு. வடக்கே போகும் பட்டாம்பூச்சிகள் சளைக்காமல் நாள் முழுக்கக் கடக்கின்றன, கண்ணாடியைத் துடைத்து மாளவில்லை.

ஒரு டப்பா பூக்களுக்கு நடுவில், 90 மீட்டர். நேர்கோட்டில் ஏற்கனவே ஒரு தடம் மிதிபட்டிருந்தது, படமெடுக்கப் போனவர்கள் வேலை. மணல் ஓடை வழியாகச் சுற்றினால் 40 மீட்டர் வரை நெருங்கலாம், அதற்குமேல் பூவை மிதிக்காமல் வழியில்லை. விட்டுவிட்டோம். இதற்கு ‘கிடைக்கவில்லை’ என்று பதிவு போடுவதா, போடாமல் விடுவதா என்று ராத்திரி வரை எங்களுக்குள் வாதம். தேடவே இல்லையே, எப்படிக் கிடைக்கவில்லை ஆகும் என்பது இவள் கட்சி. வெறும் குறிப்பு மட்டும் எழுதினோம், ‘மே மாதம் வாருங்கள்’ என்று. மே மாதம் அங்கே யார் போவார்கள், 38 டிகிரி!

மார்ச் 27

திரும்புகிற வழி, மொன்டானாவின் ஹெலினா. குழாயில் மறுபடி ரோஸ் திரவம்.

எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டவருக்கு. போன் போதும், வரைபடத்தையும் டப்பாப் பட்டியலையும் முன்னாலேயே இறக்கி வைத்துக்கொண்டால். பாதி இடத்தில் சிக்னல் இருக்காது. ஆனால் வெயிலில் டாஷ்போர்டில் வைத்த போன் சூடேறி அணைந்துவிடும், அதனால் தனியாக ஒரு கைக்கருவி இருக்கட்டும், சாதாரண ஏஏ செல் போடுகிற வகை. இறங்கியதும் முதல் வேலை வண்டி நிற்கும் இடத்தைக் கருவியில் குறிப்பது, டப்பாவைக் கண்டுபிடிப்பது அதற்கப்புறம். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், குளிர்காலமானாலும். எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று பக்கத்து டிரெய்லரில் ஒரு சீட்டு. செல் வாங்கும்போது லித்தியமாக வாங்குங்கள், மொனைடா குளிரிலும் வேலை செய்யும். டார்ச்சும் அதே செல் போடுகிற மாதிரி பார்த்து வாங்கினால் இரண்டு வகை சுமக்க வேண்டாம்.